நூறு வெள்ளிக்காசும் ஒரு படையழைப்பும்

கேள்வி: ஐயா, நாங்கள் மட்டக்களப்பு, கல்லடியைச் சேர்ந்த ஐந்து நண்பர்கள். வார இறுதி இரவுகளில் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு ஒன்றை ஆடிவருகிறோம். இம்முறை கதை நடப்பது ட்ராகன்களும் மந்திரவாதிகளும் உலவும் பழைய உலகத்தில். வீட்டுக்கு ஓர் ஆளை அரசன் கட்டாயமாகப் படைக்கு அழைத்திருக்கிறான். ஆளுக்கு நூறு வெள்ளிக்காசு. சந்தையில் சங்கிலிக் கவசம் 60 காசு, வாள் 40, பஞ்சடைத்த அங்கி 15, தலைக்கவசம் 12, கேடயம் 10, ஈட்டி 8, சப்பாத்து 6. வாளும் சங்கிலிக் கவசமும் எடுத்தால் கணக்குச் சரியாக நூறு வருகிறது. அப்படியே வாங்கிவிடலாமா?

பதில்: வாங்காதீர்கள் தம்பி. காரணத்தைச் சொல்லுமுன் வேறொன்று சொல்ல வேண்டியிருக்கிறது. 'கட்டாயமாகப் படைக்கு' என்ற சொற்களை எங்கள் மாவட்டத்தில் யாரும் வெறும் கதையாக வாசிப்பதில்லை. போர்க்காலத்தில் பிள்ளைகளை உறவினர் வீடுகளில் ஒளித்துவைத்த தாய்மார் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். ஆகவே உங்கள் ஆள் எத்தனை பேரை வீழ்த்துவான் என்ற கணக்கை நான் பார்க்கப்போவதில்லை. அவன் வீடு திரும்ப வேண்டும். அந்த நூறு காசையும் அதற்காகவே செலவழிப்போம்.

முதலில் ஆயுதம். இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி 1181இல், எந்தக் குடிமகன் என்னென்ன போர்க்கருவி வைத்திருக்க வேண்டும் என்று ஓர் ஆணை பிறப்பித்தான். வசதியுள்ளவனுக்குச் சங்கிலிக் கவசம், தலைக்கவசம், கேடயம், ஈட்டி. அடுத்த நிலையில் உள்ளவனுக்குச் சிறிய சங்கிலிக் கவசம், இரும்புத் தொப்பி, ஈட்டி. மற்றச் சுதந்திரக் குடிகளுக்குப் பஞ்சடைத்த அங்கி, இரும்புத் தொப்பி, ஈட்டி. மூன்று நிலையிலும் ஈட்டி இருக்கிறது. வாளை அந்த ஆணை யாரிடமும் கேட்கவில்லை.

ஈட்டிக்கு நுனியில் மட்டும்தான் இரும்பு. அதனால்தான் அதன் விலை 8 காசு. எதிரியை ஓர் ஆள் நீளத்துக்கு அப்பால் நிறுத்திவைக்கும். பத்துப் பேர் தோளோடு தோள் நின்று நீட்டினால், நேற்று வரை வயலில் நின்றவன்கூட அந்த வரிசையில் பயன்படுவான். வாளைக் கையாளப் பல வருடப் பழக்கம் வேண்டும். வரிசைக்குள் வீசுவதற்கு இடமும் இராது. முருகனின் வேலைக் கும்பிட்டு வளர்ந்த நமக்கு ஈட்டியைத் தாழ்வாக நினைக்க ஒரு நியாயமும் இல்லை.

வாங்கும்போது இரும்பை விட மரத்தைக் கவனியுங்கள். தண்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பாருங்கள். மரத்தின் இழை அடி முதல் நுனி வரை தண்டோடு ஓட வேண்டும். பாதி வழியில் பக்கவாட்டில் வெளியேறினால், முறிவதும் அந்த இடத்தில்தான். மண்வெட்டிப் பிடி வாங்குபவர்கள் அறிந்த சோதனைதான் இது. பச்சை மரம் என்றால் காய்ந்து சுருங்கி, அலகு ஆடத் தொடங்கும். அலகின் குழலுக்குள் தண்டு இறுகப் பொருந்தி, குறுக்கே ஓர் ஆணியும் இறங்கியிருக்க வேண்டும். ஒரு சிறு குப்பி எண்ணெய் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள். நெய் பூசிக் காத்த வேல் சங்கப் பாடல்களிலேயே வருகிறது.

வாள் மீது இன்னும் ஆசை இருந்தால் போலிகளைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பாவில் 9 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை 'உல்ஃப்பெர்ட்' என்ற பெயர் பொறித்த வாள்களுக்குப் பெரும் மதிப்பு இருந்தது. கிடைத்தவற்றைச் சோதித்தபோது சில மிக உயர்ந்த உருக்கு, சில தரம் குறைந்த இரும்பு. பெயரையே எழுத்துப் பிழையோடு பொறித்தவையும் உண்டு. ஆயிரம் வருடத்துக்கு முன்பே முத்திரையை நம்பி ஏமாந்திருக்கிறார்கள். (நல்ல உருக்கு வேண்டுமானால் நம் தீவையே பார்க்கலாம். சமனலவெவப் பகுதியில் அந்தக் காலத்தில் தென்மேற்குப் பருவக்காற்றைக் கொண்டே உலையை மூட்டி உருக்கு எடுத்திருக்கிறார்கள். எனக்கு அதில் மிகுந்த பெருமை.)

சங்கிலிக் கவசம் கெட்ட பொருளல்ல. ஆனால் எடை 10 முதல் 15 கிலோ. வடமோடிக் கூத்தில் கரப்புடுப்பு என்ற பாரமான உடையோடு விடிய விடிய ஆடியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தோளில் தொங்கும் பாரம் மூன்றாம் சாமத்தில் என்ன செய்யும் என்று சொல்வார்கள். கதையில் பின்னால் காசு சேர்ந்து வாங்குவதானால், வளையங்களின் முனைகளைச் சேர்த்துச் சிற்றாணி அடித்திருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே வளைத்து விட்ட வளையம் ஒரு குத்தில் விரிந்துவிடும். இடுப்பில் வார் கட்டிக்கொண்டால் பாரத்தில் ஒரு பகுதி தோளிலிருந்து இறங்கும்.

இப்போதைக்குப் பஞ்சடைத்த அங்கி போதும். துணிதானே என்று நினைக்க வேண்டாம். 15ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பதினோராம் லூயி தன் வீரர்களின் அங்கிக்கு 25 முதல் 30 மடிப்புத் துணியும் மான் தோலும் கேட்டான். அத்தனை மடிப்பை நெருக்கித் தைத்தால் வெட்டு எளிதில் உள்ளே இறங்காது. மருதமுனைக் கைத்தறித் துணியைப் பல மடிப்பாக மடித்து அழுத்திப் பாருங்கள், நான் சொல்வது விரலுக்கே புரியும். அங்கியைப் போட்டு இரு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள், குந்தி எழும்புங்கள். முடியாவிட்டால் வேறு அங்கி கேளுங்கள்.

தலைக்கவசத்தில் ஒரு காசும் குறைக்காதீர்கள். மோட்டார் சைக்கிளுக்கு வாங்கும்போது செய்யும் சோதனைதான்: வாரை இறுக்கித் தலையை உலுக்குங்கள். கவசம் தலையோடு திரும்ப வேண்டும். உள்ளே பஞ்சுத் தொப்பி இல்லாத இரும்பு, அடியை நேரே மண்டைக்குக் கொடுத்துவிடும். பழையது மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம். வெயிலுக்கு நேரே பிடித்து உட்புறம் வெடிப்புத் தெரிகிறதா என்று பார்த்த பிறகு.

கேடயம் கைக்குப் பாரமில்லாததாக இருக்கட்டும். அதற்குக் கீழே தெரியும் காலையும் மறக்காதீர்கள். 1361இல் சுவீடனின் கோட்லாந்துத் தீவின் விஸ்பியில் நடந்த போரில் இறந்தவர்களின் கூட்டுப் புதைகுழிகளைப் பின்னாளில் தோண்டினார்கள். பல எலும்புக்கூடுகளில் முழங்காலுக்குக் கீழேதான் வெட்டு. தடித்த தோலை முழந்தாளில் சுற்றிக் கட்டினாலே பாதி ஆபத்துக் குறையும்.

இனிச் சப்பாத்து. உங்கள் பட்டியலில் கடைசியாக நிற்கும் இதற்குத்தான் நான் முதல் இடம் கொடுப்பேன். உகந்தையிலிருந்து குமண வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்த முதல் வருடம், புறப்படும் வாரத்தில் புதிய சப்பாத்து வாங்கினேன். பையில் தேவைக்கு மேல் சாமான். கும்புக்கன் ஆற்றை அடையும்போது இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து, காலுறை தோலோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றி ஊறவைத்துத்தான் அதை உரிக்க முடிந்தது. எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, பழைய செருப்போடும் ஒரு சிறு துணிப் பொட்டலத்தோடும் என்னைக் கடந்து போனார். நின்று, என் பையைத் தூக்கிப் பார்த்து, "இதையெல்லாம் ஆருக்கு மகன் கொண்டு போறாய்?" என்று கேட்டார். படைவீரனின் வாழ்க்கையில் சண்டை சில நாள், மற்றதெல்லாம் நடை. இரண்டு சோடி வாங்குங்கள். ஒன்றை இன்றே போட்டு நடந்து பழகுங்கள், மற்றது பையில் இருக்கட்டும்.

அங்கி, தலைக்கவசம், கேடயம், ஈட்டி 45 காசு. சப்பாத்து 12. மீதி 43. அதில் ஒரு கத்தி, உப்பு, ஊசி நூல், தீக்கல், தண்ணீர் கொதிக்கவைக்க ஒரு சட்டி. சட்டியை விட்டுவிடாதீர்கள். 1415இல் இங்கிலாந்தின் ஐந்தாம் ஹென்றி பிரான்சின் ஹார்ஃப்ளூர் நகரை முற்றுகையிட்டபோது அவன் படையை வயிற்றுளைவு வாட்டி எடுத்தது. ஐவருக்கும் ஒரு சட்டி போதும், காசைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். இருபது காசாவது இடுப்பில் முடிந்து வையுங்கள். வழியில் ஒரு மாட்டுவண்டிக்காரனுக்கோ வைத்தியருக்கோ கொடுக்க வேண்டிவரும்.

ட்ராகனின் நெருப்புக்கு நேரே நின்று தாங்கும் கவசம் உங்கள் சந்தையில் இல்லை. ஆனால் பருத்தி சட்டென்று பற்றும், கம்பளி எளிதில் பற்றாது. அங்கிக்கு மேலே ஒரு கம்பளிப் போர்வை. இரவுக் குளிருக்கும் அதுவே. மந்திரம் ஏற்றிய வாள் என்று யாராவது விற்க வந்தால், காசு கைமாறுமுன் உங்கள் கண் முன்னே வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். இங்கே என்றால் பற்றுச்சீட்டோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி எண்ணை அழைக்கலாம். அங்கே அந்த வசதி இல்லை.

கேள்வி: நான் கல்முனையிலிருந்து எழுதுகிறேன். என் அண்ணாவின் நண்பர் கூட்டத்தில் நானும் சேர்ந்து இதே விளையாட்டை ஆடுகிறேன். எனக்கு வில் பிடிக்கும். எடுக்கலாமா?

பதில்: கதையில் உங்கள் ஆள் சிறு வயதிலிருந்தே வில் பயின்றவளாக இருந்தால் எடுங்கள் மகள். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலிலிருந்து மீட்ட விற்களில் பெரும்பாலானவற்றை இழுக்க நூறு இறாத்தலுக்கு மேல் பலம் வேண்டும். ஓராண்டுப் பழக்கத்தில் வருவதல்ல அது. புதிதாகப் படைக்குப் போகிறவளென்றால் கவண் எடுங்கள். வயலில் கிளி விரட்டும் அதே கவண்தான். பழங்காலப் படைகளில் கவண் வீரர்கள் தனி அணியாகவே இருந்தார்கள். இதற்கும் பழக்கம் வேண்டும், ஆனால் கயிற்றுக்குக் காசு அதிகமில்லை, கல்லுக்குக் காசே இல்லை. ஆற்றங்கரையில் கோழி முட்டை அளவில், ஒரே எடையாக, உருண்ட கற்களைப் பார்த்துப் பொறுக்குங்கள். எடை மாறினால் குறியும் மாறிவிடும்.