மூக்கனேரிக் கரையில் ஒரு நோட்டு

வணக்கம் அம்மா,

நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். வீடு சேலம் கன்னங்குறிச்சியில். விநாயகர் சதுர்த்தி முடிந்த அடுத்த வாரம் எங்கள் பள்ளியிலிருந்து மூக்கனேரியைச் சுத்தம் செய்யக் கூட்டிப் போனார்கள். எண்பது பேர் போனோம். தொப்பி, கையுறை எல்லாம் கொடுத்தார்கள். பேனர் பிடித்துப் படம் எடுத்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் நாற்பது மூட்டை சேர்ந்தது. அன்றைக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. மூன்று வாரம் கழித்து டியூஷன் போகிற வழியில் பார்த்தேன். அதே இடம், அதே குப்பை. நாங்கள் கட்டி வைத்த மூட்டைகளில் நான்கைந்து எடுக்கப்படாமல் அங்கேயே கிழிந்து கிடந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏதாவது செய்ய வேண்டும் என்று இருக்கிறது. விசாரித்த இரண்டு இடங்களில் பதினெட்டு வயது ஆகட்டும் என்றார்கள். பிளஸ் டூ முடியட்டும் என்கிறார் அப்பா. போராட்டம் நடக்கிற இடத்துக்குப் போகலாமா என்று கேட்டேன், என் அம்மா பதிலே சொல்லவில்லை. லீவுக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போவேன், ஏற்காட்டில் நாகலூர் பக்கம். அங்கேயும் வழியெல்லாம் பாட்டில்தான். பதினாறு வயதில் என்ன செய்ய முடியும்? செய்தால் அதற்கு ஏதாவது பலன் இருக்கிறதா?

எங்கள் வகுப்பில் ஒரு பெண் காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு வரவே இல்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மனசில் இருந்தது, எழுதிவிட்டேன்.

எம், கன்னங்குறிச்சி

*

அன்புள்ள எம்,

உன் கடிதத்தின் கடைசி வரிகளுக்கு அன்று இரவே தனியாகப் பதில் எழுதினேன். இங்கே கடைசியில் அதற்கு வருகிறேன். சம்பந்தமில்லாதது என்று எழுதியிருந்தாய். உன் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான்.

முதலில் ஏரி. நீங்கள் எண்பது பேர் ஒரு காலையில் நாற்பது மூட்டை அள்ளியது வீண் இல்லை. ஆனால் குப்பையைக் கொண்டுவந்து போடுகிற கைகள் அடுத்த நாளும் அதே நேரத்துக்கு வந்திருக்கும். மூட்டையை ஏற்ற வண்டி வர வேண்டும் என்று யாரும் முன்கூட்டியே பேசி வைக்கவில்லை. நீங்கள் போன பிறகு அங்கே என்ன நடந்தது என்று பார்க்கவும் ஆள் இல்லை. மூன்று வாரம் கழித்து நீ பார்த்தாய். எண்பது பேரில் வேறு யார் பார்த்தார்கள்?

மூக்கனேரியின் கதை உனக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கும். 2010-இல் சேலம் மக்கள் குழு அந்த ஏரியைக் கையில் எடுத்தது. வண்டலை அள்ளி வெளியே கொண்டுபோகாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து, அதன்மேல் மரம் வைத்தார்கள். இன்று நீ டியூஷன் போகும்போது பார்க்கிற அந்தப் பச்சைத் தீவுகள் அப்படி வந்தவை. பறவைகள் அங்கே வந்து தங்குகின்றன. ஒரு நாள் கூட்டத்தில் அது நடந்துவிடாது. மழை வந்தால் திட்டு கரையும், நட்ட கன்று பட்டுப்போகும், மறுபடி நட வேண்டும். அந்த மறுபடிதான் வேலை. சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் ஓடைத் தண்ணீர் வருகிற ஏரி அது. மேலே போடுவதும் கீழேதான் வந்து சேரும். உன் பெரியம்மா ஊரும் உன் ஊரும் அந்த வகையில் ஒரே ஊர்.

உன் வயதில் நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன். அம்மாப்பேட்டையில் தறிக்காரர்கள் தெருவில் எங்கள் வீடு. தெருக்குழாயில் தண்ணீர் எந்த நாள், எந்த நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் காத்திருப்பார்கள். காத்திருக்கிற நேரத்தில் தறி ஓடாது, தறி ஓடாவிட்டால் கூலி இல்லை. எதிர்வீட்டு அத்தை ஒருநாள் கோபத்தில், "படிக்கிற புள்ளைங்கதானே, இதை எழுதி வச்சா என்ன?" என்று கேட்டார். நானும் இரண்டு தோழிகளும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். தேதி, தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், எத்தனை வீடுகளுக்குக் கிடைத்தது, எத்தனை பேர் வெறுங்குடத்தோடு திரும்பினார்கள். நான்கு மாதம் ஒருநாள் விடாமல் எழுதினோம். நான் பரீட்சைக்குப் படிக்கிற நாளில் மற்றவள் எழுதுவாள்.

அந்த நோட்டைச் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். முதல் முறை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை, பெரியவர்களை வரச் சொல் என்றார்கள். மூன்றாம் முறை அத்தையும் இன்னும் ஆறு பெண்களும் வந்தார்கள். அன்று ஒரு அதிகாரி நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எங்களிடம் ஒன்றும் பேசவில்லை. இரண்டு வாரத்தில் தெருமுனையில் ஒரு பலகை வந்தது, இன்ன கிழமை இன்ன நேரம் தண்ணீர் என்று. தண்ணீர் கூடவில்லை. நேரம் தெரிந்ததே போதும், தறி ஓடியது.

அப்புறம் ஒரு தவறு செய்தோம். பலகை வந்த சந்தோஷத்தில் நோட்டை நிறுத்திவிட்டோம். ஆறேழு மாதத்தில் பலகை ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் என்று ஆனது. மறுபடி போய்க் கேட்க எங்கள் கையில் ஒன்றும் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

அதனால் உனக்கு நான் சொல்வதும் ஒரு நோட்டுதான். ஏரிக்கரையில் நூறு அடி நீளம் எடுத்துக்கொள், அதற்கு மேல் வேண்டாம். டியூஷன் போகிற நாட்களில் பத்து நிமிடம் நின்று பார். என்ன குப்பை, எந்த இடம், எப்போது வருகிறது. டீக்கப்பா, பூஜைச் சாமானா, கோழிக்கடைக் கழிவா, வீட்டுக் குப்பையா. எல்லாவற்றையும் 'குப்பை' என்று ஒரே சொல்லில் எழுதாதே. ஞாயிறு மதியம் இறைச்சிக் கழிவு, கல்யாண முகூர்த்தத்துக்கு மறுநாள் இலையும் கப்பும் என்று இரண்டு மாதத்தில் உனக்கு ஒரு ஒழுங்கு தெரியும். கடைக்காரர் ஒருவரிடம்தான் முதலில் பேச வேண்டும் என்றுகூடத் தெரியவரலாம். அவருக்கும் கழிவைக் கொட்ட வேறு இடம் இருக்கிறதா என்று கேட்டு எழுது. ஆட்களின் முகத்தைப் படம் எடுக்காதே, சண்டைக்குப் போகாதே. தனியாகப் போகாதே. தண்ணீரில் இறங்கவே கூடாது, வண்டல் எடுத்த ஏரியில் ஆழம் எங்கே என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. உடைந்த கண்ணாடி, ஊசி கிடந்தால் தொடாமல் எழுதி மட்டும் வை.

நோட்டு நிறைந்ததும் ஒரு பக்க மனுவாகச் சுருக்கு. திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. உனக்குப் பள்ளி இருக்கும், அம்மா போகட்டும். மனு கொடுத்ததற்கான ரசீதை வாங்காமல் வரக் கூடாது, அடுத்த முறை அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, இந்தக் கரையில் குப்பை அள்ளுவது யார் பொறுப்பு, வாரத்தில் எத்தனை நாள் வண்டி வர வேண்டும் என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். கேட்பவர் குடிமகனாக இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, வயது வரம்பு எதுவும் அதில் இல்லை.

இந்த நோட்டின் பின்பக்கத்தில் பறவைகளை எழுது. முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம் மூன்றையும் முதலில் பழகிக்கொள். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஒரு இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, எந்தப் பறவை எத்தனை என்று எண்ணிப் பதிவு செய்ய வேண்டும். யாரும் உன்னிடம் வயதைக் கேட்க மாட்டார்கள். குப்பையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் மனசு சோர்ந்துபோகும். அதற்காகவும் சொல்கிறேன்.

பதினெட்டு வயது என்று சொன்னவர்கள் மீது வருத்தப்படாதே. சிலவற்றுக்கு அது நியாயமான எல்லை. இரத்ததானம் பதினெட்டில்தான். ஆனால் முகாமில் பெயர் எழுத, கொடுத்தவர்களுக்கு ஜூஸ் கொடுத்து உட்கார வைக்க ஆள் வேண்டும். இரத்தம் கொடுக்க உன் அப்பாவைக் கூட்டிப் போய் உட்கார வைப்பதும் ஒரு வேலைதான். பள்ளியில் நாட்டு நலப்பணித் திட்டம் இருந்தால் சேர். காந்தி நூற்றாண்டான 1969-இல் கல்லூரிகளுக்காகத் தொடங்கியது, பிறகு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் என்று கணக்கு. அந்த மணி நேரத்தை உன் ஏரி நோட்டுக்குக் கேட்டு வாங்கு. பொறுப்பு ஆசிரியர் கையெழுத்து இருந்தால் அலுவலகக் கதவு கொஞ்சம் எளிதாகத் திறக்கும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதித் தர ஆள் கிடைப்பது பெரும்பாடு. தாங்களே ஆள் கூட்டிவரலாம் என்கிற தேர்வுகளில், எழுதித் தருபவரின் படிப்பு தேர்வு எழுதுபவரைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் சொன்னது. பத்தாம் வகுப்பு தேறிய உன்னைப் போன்றவர்களைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். மூன்று மணி நேரம் அவர் சொல்வதைச் சொன்னபடி எழுத வேண்டும், உனக்குத் தெரிந்த விடையைச் சேர்க்கக் கூடாது. அவர் தப்பாகச் சொன்னாலும் அப்படியேதான். பக்கத்துக் கல்லூரியில் விசாரித்துப் பார். தேர்வு இல்லாத காலத்தில் பாடங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து தரலாம். நல்ல தமிழ் உச்சரிப்பு இருந்தால் போதும், வீட்டைவிட்டு வெளியே போகவே வேண்டாம். உன் அப்பா இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன்.

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று அவரிடம் பேசி முடிவு செய், அதைத் தாண்டாதே.

ஏற்காட்டுக்கு லீவில் மட்டும் போகிறாய். அதனால் அங்கே நீயாக ஒன்றைத் தொடங்காதே. நாகலூரில் இருக்கிற பிள்ளைகளும் பெண்களும் ஏற்கெனவே என்ன செய்கிறார்கள் என்று கேட்டு அதில் சேர்ந்துகொள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்கு மாநிலம் முழுக்கத் தடை. ஆனாலும் சனி, ஞாயிறில் வருகிற வண்டிகள் என்னென்ன கொண்டுவருகின்றன என்பது கிளியூர் அருவிக்குப் போகிற பாதையில் கிடக்கிறது. மலைமேல் கிராம ஊராட்சிகளில் கிராம சபை கூடும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் அதற்கான நாட்கள். உனக்கு ஓட்டு இல்லை, பெரியம்மாவுக்கு இருக்கிறது. அவரோடு போய் ஓரமாக உட்கார்ந்து, யார் பேசுகிறார்கள், யார் பேசாமல் எழுந்து போகிறார்கள் என்று பார்.

போராட்டம் பற்றிக் கேட்டிருந்தாய். அம்மாவின் மௌனத்தைப் பயம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதே. கூட்டத்தில் தள்ளுமுள்ளு வந்தால் முதலில் விழுவது சின்னப் பிள்ளைகள். வீட்டுக்குத் தெரியாமல் போகாதே, நம்பிக்கையான பெரியவர் ஒருவர் இல்லாமல் போகாதே. எதற்காக நிற்கிறாய் என்று ஐந்து வரியில் எழுத முடியாத போராட்டத்துக்கும் போகாதே. 2018-இல் சேலம் சென்னை எட்டுவழிச் சாலைக்கு நிலம் எடுக்க வந்தபோது மஞ்சள் பையில் பட்டாவும் சிட்டாவும் வைத்துக்கொண்டு நின்ற விவசாயிகளைப் பார்த்தேன். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வேறு விதமாகத் தீர்ப்புச் சொன்னது. முழக்கம் போட்ட அதே ஆட்கள்தான் ராத்திரியில் உட்கார்ந்து சர்வே எண்ணைச் சரிபார்த்து ஆட்சேபணை மனு எழுதினார்கள். அந்த ராத்திரி வேலைக்கு உன் வயதுப் பிள்ளைகள் ரொம்பத் தேவை.

இப்போது உன் வகுப்புத் தோழி. உன் அனுமதியோடு விவரங்களை இங்கே விட்டுவிட்டேன்.

ஒரு பெண் பள்ளிக்கு வராமல் போனால் அது முதலில் தெரிவது பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவளுக்கு. வேலைக்கு அனுப்பியிருக்கலாம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் வீட்டைப் பார்த்துக்கொள்ளலாம், பஸ்ஸுக்குக் காசு இல்லாமல் இருக்கலாம், கல்யாணம் பேசியிருக்கலாம். நம் மாவட்டத்தில் இந்தக் கடைசிக் காரணம் புதியதில்லை. பதினெட்டு முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் 1098-க்கு அழைக்க வேண்டும். காசு கிடையாது, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், உன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. நீயே அழைக்கலாம், பெரியவர்கள்தான் பேச வேண்டும் என்று இல்லை. மாவட்டச் சமூக நல அலுவலர் வரைக்கும் செய்தி போகும். பந்தக்கால் நட்ட பிறகு தடுப்பதைவிட, பேச்சு எழுந்த அன்றே சொல்வது அந்தப் பெண்ணுக்கும் அவள் குடும்பத்துக்கும் நல்லது.

நேற்று நீ எழுதியதைப் படித்தேன். அவள் வீட்டுக்குப் போனதாகவும், பூட்டியிருந்ததாகவும், வரும் சனிக்கிழமை மறுபடி போகப்போவதாகவும் எழுதியிருந்தாய். சனிக்கிழமை வரை காத்திருக்காமல் நாளைக் காலையே வகுப்பு டீச்சரிடம் சொல்லிவிடு. சனிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போ. காலாண்டுக்குப் பிறகு நடந்த பாடங்களின் நோட்டுகளை எடுத்துக்கொள். நோட்டு கொடுக்க வந்தோம் என்றால் எந்த வீட்டிலும் ஏன் வந்தீர்கள் என்று கேட்க மாட்டார்கள். உள்ளே கூப்பிட்டால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அவளோடு பேசிவிட்டு வா. என்ன ஆனது என்று எனக்கு எழுது.

அன்புடன்.