ரிவெட் அடித்த அலுமினியப் படகில் தண்ணீர் ஏறுகிறதா? கேள்வி பதில்

ஒன்ராறியோ ஏரிகளுக்கு மீன்பிடிக்கப் போகும் நம்மவர்கள் பலர் முதலில் வாங்குவது 12 முதல் 16 அடி வரையிலான பழைய அலுமினியப் படகு. விலை குறைவுதான், ஆனால் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகள் தளர்ந்திருக்கும். இந்த வாரம் வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இங்கே.

ஸ்காபரோ: அண்ணை, 14 அடிப் படகு. ரைஸ் லேக்கில இறக்கி ரெண்டு மணித்தியாலத்தில கணுக்கால் அளவுக்குத் தண்ணி. எங்க ஒழுகுது எண்டே தெரியேல்ல.

தம்பி, ரிவெட்டைத் தொடுவதற்கு முன் டிரெய்ன் பிளக்கை, அதாவது தண்ணீர் வடிக்கும் துளையின் அடைப்பானைப் பாருங்கள். ரப்பர் வெடித்திருக்கலாம். பிளக் நுழையும் குழாயின் விளிம்பு, பின்பலகையில் மீன் பார்க்கும் கருவியைப் பூட்டிய திருகாணித் துளைகள், பம்ப் வெளியேறும் வாய் ஆகியவற்றையும் ஒருக்கா பாருங்கள். பாதிப் படகுகளின் கதை இங்கேயே முடிந்துவிடும்.

அதில் ஒன்றும் இல்லையென்றால் தண்ணீரை வெளியே வைக்காமல் உள்ளே ஊற்றுங்கள். படகை டிரெய்லரில் மட்டமாக நிறுத்தி, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, ரிவெட் வரிசைகள் மேல் சோக்கட்டியால் கோடு இழுங்கள். உள்ளே முதலில் 5 செ.மீ. ஊற்றி 20 நிமிடம் பொறுங்கள். ஈரம் பட்ட இடத்தில் சோக் கறுக்கும். துளி விழும் இடத்தை நம்பாதீர்கள். தண்ணீர் ஏராவோடு (அடியின் நடுவே நீளமாக ஓடும் முதுகு) ஓடி, தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும். கறுப்புத் தொடங்கும் மேல் நுனிதான் ஓட்டை. அதை மார்க்கரால் வட்டமிட்டு எண் போடுங்கள். பிறகு 10 செ.மீ. வரை ஏற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலத்தில் 10 செ.மீ. தண்ணீர் என்றால் 360 கிலோ. உருளை டிரெய்லரில் அந்தப் பாரம் சில புள்ளிகளில் மட்டும் இறங்கி அடிப்பாகத்தை நசுக்கும். நீளமாக மரக்கட்டை முட்டுக் கொடுங்கள்.

இப்படிப் பார்த்தும் சொட்டாமல், ஓட்டும்போது மட்டும் ஏறினால், அலையில் தகடு வளையும்போது வாய் திறக்கும் ரிவெட் அது. உள்ளே ஒருவர் ரிவெட் வாலில் (உள்பக்கம் அடித்துத் தட்டையாக்கிய முனை) விரல் வைக்க, வெளியே மற்றவர் தலையைச் சுத்தியலால் மெல்லத் தட்டட்டும். தளர்ந்தது விரலுக்குத் தெரியும். தலையைச் சுற்றிச் சாம்பல் கலந்த கறுப்புக் கறை, பின்பக்கம் வால் நீட்டியதுபோல் இருந்தால் அதுவும் அடையாளம். அலுமினியம் அலுமினியத்தோடு உரசி அரைந்த மா அது.

அஜாக்ஸ்: வெளிப்பக்கம் சிலிக்கான் அடிச்சு விட்டா போதாதா?

போதாது, கெடுதலும் கூட. சிலிக்கான் ஒரு பருவத்தில் உரிந்துவிடும். அதன் எண்ணெய்ப் படலம் தகட்டில் தங்கும், பிறகு எபோக்ஸியோ பெயின்டோ அங்கே பிடிக்காது. அசிட்டோனால் துடைத்தும் போகாது, சுரண்டித் தேய்க்கத்தான் வேண்டும்.

பிரம்டன்: சோதனையில் 11 ரிவெட் ஒழுகுது. தளர்ந்ததை எப்படி இறுக்குவது?

இரண்டு பேர் வேண்டும். வெளித்தலையின் மேல் ஒருவர் இரண்டு கிலோ இரும்புக்கட்டியை அழுத்திப் பிடிக்க, உள்ளே மற்றவர் வாலை உருண்டைத் தலைச் சுத்தியலால் மூன்று நான்கு அடி, குறுகிய வீச்சில் திடமாக அடிக்க வேண்டும். இரும்பு விலகினால் நீங்கள் அடிப்பது தகட்டைத்தான். ஓசை மந்தத்திலிருந்து கணீரென மாறும்போது நிறுத்துங்கள். மேலும் அடித்தால் துளையின் விளிம்பு வெடிக்கும்.

இறுக்கியும் ஒழுகினால் மாற்றுங்கள். வெளித்தலையின் நடுவில் சென்டர் பஞ்சால் குறி வைத்து, தலையின் கனம் மட்டும் துளைத்து, தலையைத் தட்டி எடுத்து, தண்டை உள்ளே தள்ளுங்கள். முழு ஆழத்துக்கும் டிரில் விட்டால் துளை முட்டை வடிவமாகிவிடும். 3/16 அங்குல ரிவெட்டுக்கு 11ஆம் எண் பிட். உலோகம் 5056 அலுமினியக் கலவையாக இருக்கட்டும். நீளம்: தகடுகளின் மொத்தக் கனத்தோடு விட்டத்தில் ஒன்றரை மடங்கு. 1.6 மி.மீ. தகடு இரண்டு என்றால் 3.2, அதோடு 7.2, ஆக 10.4 மி.மீ. தண்டில் 3M 5200 என்ற படகுப் பசையைத் தடவி அடியுங்கள். முடிந்த வால் 7 மி.மீ. அகலம், 2.4 மி.மீ. உயரம் இருந்தால் சரி. துளை பெருத்துவிட்டதா? கால் அங்குல ரிவெட்டுக்குப் போங்கள்.

மார்க்கம்: மரைன் சிலிக்கான் எண்டு தனியா விக்கிறாங்களே?

அஜாக்ஸ் அன்பருக்குச் சொன்னதேதான். வேண்டாம்.

வின்ட்சர்: சார், ரெண்டு பேர் எதுக்கு? பாப் ரிவெட் கன் (ஒரு பக்கத்திலிருந்தே ரிவெட் பூட்டுற கருவி) இருந்தா ஒரு ஆளே முடிச்சுடலாம். விமானத்திலேயே அதைத்தானே போடுறாங்க?

விமானத்தில் போடும் பாப் ரிவெட் நடுக்கம்பி உள்ளே பூட்டிக்கொள்ளும் வகை. ஹார்ட்வேர் கடையில் கிடைப்பது நடுவில் துளையுள்ள குழாய், அந்தத் துளை வழியாகவே தண்ணீர் வரும். கம்பி இரும்பென்றால் துண்டு உள்ளே நின்று துருப்பிடித்து அலுமினியத்தை அரிக்கும்.

மிசிசாகா (வின்ட்சருக்கு): நானும் பாப் ரிவெட்தான் போட்டன், அஞ்சு வருசமா ஒழுகேல்ல. அடிமுனை மூடின வகை இருக்கே!

அந்த வகை வேறு, ஒத்துக்கொள்கிறேன். உடலும் கம்பியும் இரண்டுமே அலுமினியம், முனை மூடியது, பசையில் தோய்த்தது என்றால், உள்ளே கை போகாத இடத்துக்கு, உதாரணமாக முன்முனைக்கும் பெஞ்சின் அடியில் ஃபோம் மறைத்த இடத்துக்கும், நானே பரிந்துரைப்பேன்.

வின்ட்சர்: அப்ப எல்லா இடத்துக்கும் அதையே போட்டா என்ன சார்?

நடுவில் துளையில்லாத முழு ரிவெட் அடிக்கும்போது பருத்துத் துளையை நிறைத்துவிடும். குழாய் வகை அப்படி நிறைக்காது. ஏராவிலும் பின்பலகையிலும் மோட்டர் அதிர்வு நாள் முழுக்க ஆட்டும், அங்கே இடைவெளி வளர்ந்துகொண்டே போகும். மிசிசாகா அன்பர் எந்த இடத்தில் போட்டார் என்று சொல்லட்டும்.

மிசிசாகா: பக்கவாட்டில, நீர்மட்டத்துக்கு மேல.

அதனால்தான் தாங்கியது.

மொன்றியல்: மூட்டு நீளத்துக்கும் கசிகிறது. குளூவிட்டா 5200ஆ?

உள்பக்கம் மூட்டு வரிசைக்குக் குளூவிட், அதாவது கசிவை அடைக்கும் எபோக்ஸி. பழுதான ரிவெட்டை மாற்றிய பிறகே பூசுங்கள், தளர்ந்த ரிவெட் மேல் பூசிய எபோக்ஸி வெடிக்கும். ஸ்டெயின்லெஸ் கம்பித் தூரிகையால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, அன்றைக்கே பூசுங்கள், தாமதித்தால் ஆக்சைடு மறுபடி படியும். ஹேர் டிரையரால் மெல்லச் சூடாக்கினால் இளகி மூட்டுக்குள் இறங்கும். கழற்றி மாட்டும் உறுப்புகளுக்கு 5200 போடாதீர்கள், திரும்பக் கழற்ற முடியாது.

லண்டன், ஒன்ராறியோ: பின்பலகை மரம் உக்கிப்போச்சு. வேலிக்குப் போடுற பச்சை மரம் போடலாமா?

கூடவே கூடாது. அந்த மரத்தில் உள்ள செம்பு, ஈரத்தோடு சேர்ந்து அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரித்துத் தகட்டை ஓட்டையாக்கும். மரைன் பிளைவுட் வாங்கி, விளிம்பும் துளையும் உட்பட எபோக்ஸி மூன்று பூச்சுப் பூசுங்கள். செம்பு கலந்த அடிப்பெயின்டும் இதே காரணத்துக்காக வேண்டாம்.

பிக்கரிங்: 20 குதிரைசக்தி மோட்டர், லைசன்ஸ் வேணுமா?

இது ஒழுக்கைப் பற்றிய பகுதி. டிரான்ஸ்போர்ட் கனடா தளத்தில் பாருங்கள்.

ஒஷாவா: உள்பக்கம் முழுக்க ட்ரக் பெட்லைனர் பெயின்ட் அடிச்சா? இல்லாட்டி சிலிக்கான்?

சிலிக்கானுக்கு மூன்றாம் முறையாக: வேண்டாம். பெட்லைனர் (ட்ரக்கின் பின்தட்டில் அடிக்கும் தடித்த பூச்சு) ஓட்டையை மறைக்கும், அடைக்காது. அதன் அடியில் தண்ணீர் தேங்கி அரிக்கும், அடுத்த முறை சோதிக்கும்போது எந்த ரிவெட் என்று காண முடியாது.

கிச்சினர்: விலாச் சட்டம் ஓரத்தில் 6 செ.மீ. வெடிப்பு. வெல்டிங்?

ரிவெட் வரிசைக்குப் பக்கத்தில் வெல்டிங் வேண்டாம். மூட்டுக்குள் இருக்கும் பழைய பசை எரிந்து வெல்டிங்கில் குமிழி விடும், சூட்டில் பக்கத்து ரிவெட்டுகளும் தளரும். வெடிப்பின் இரு நுனியிலும் 3 மி.மீ. துளை போட்டு அது ஓடாமல் நிறுத்துங்கள். அதே கனத்தில் 5052 அலுமினியக் கலவைத் தகட்டை, வெடிப்புக்கு எல்லாப் பக்கமும் 4 செ.மீ. கூடுதலாக, மூலைகளை உருட்டி வெட்டுங்கள். இடையில் 5200 தடவி, 2.5 செ.மீ.க்கு ஒரு ரிவெட் அடியுங்கள். ரிவெட் மையம் தகட்டு விளிம்பிலிருந்து குறைந்தது இரு மடங்கு விட்டம் தள்ளி இருக்கட்டும்.

சட்பரி: பனிக்காலத்தில் வெளியே வைக்கலாமா?

வைக்கலாம். பிளக்கைக் கழற்றி, முன்பக்கத்தை உயர்த்தி வையுங்கள். மூட்டில் நின்ற தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருத்து ரிவெட்டைத் தள்ளும். பெஞ்சுக்குள் இருக்கும் ஃபோமில் ஒரு துண்டு வெட்டிப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் வந்தால் அதைப் பனிக்கு முன்பே அகற்றுங்கள்.