மேலாளர் ஓரவஞ்சனை காட்டினால்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் டீம் லீடுக்கு இரண்டு பேர் என்றால் உயிர். அவர்கள் வீட்டிலிருந்து வேலை கேட்டால் உடனே சரி. நான் கேட்டால் மட்டும் விதிமுறை பேசுகிறார். எல்லா இடத்திலும் இப்படித்தானா மேடம்?

பதில்: பெரும்பாலும். டான்செரோ, கிரேன், ஹாகா என்ற ஆய்வாளர்கள் 1975-லேயே இதை எழுதிவிட்டார்கள்: மேலாளருக்குச் சிலர் உள்வட்டம், மற்றவர்கள் வெளிவட்டம். கெட்டிக்காரருக்குக் கூடுதல் பொறுப்பு தருவதை யாரும் பெரிதாகக் குறை சொல்வதில்லை. லீவு, ஷிஃப்ட் மாதிரி பொது விதி ஆளுக்கு ஆள் மாறும்போதுதான் நம்பிக்கை போகிறது. உங்களுடையது இந்த ரகம்.

கேள்வி: நான் ஆலை சூப்பர்வைசர். ஆர்டர் இல்லாததால் ஒரு பிரிவுக்கு மட்டும் ஓவர்டைம் வெட்டப்போகிறோம். காரணம் சொன்னால் சண்டை வரும் என்கிறார் முதலாளி. சொல்லாமல் விடலாமா?

பதில்: விடாதீர்கள். ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஒரே அமெரிக்க நிறுவனத்தின் மூன்று ஆலைகள். இரண்டில் 10 வாரத்துக்குச் சம்பளத்தில் 15 சதவீதம் வெட்டு, மூன்றாவதில் வெட்டில்லை. வெட்டு விழுந்த ஓர் ஆலையில் காரணத்தைக் கணக்கோடு விளக்கி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்கும் பதில் சொன்னார்கள். இன்னொன்றில் ஒப்புக்கு நாலு வார்த்தை. ஆலைப் பொருள் திருட்டு இரண்டிலும் கூடியது. ஒப்புக்குச் சொன்ன இடத்தில் மிக அதிகம். வேலையை விட்டுப் போனவர்களும் அங்கேதான் அதிகம். இத்தனைக்கும் இரண்டிலும் வெட்டு ஒன்றுதான்!

உங்கள் முதலாளி பயப்படுகிற சண்டை ஒரு கூட்டத்தோடு முடியும். சொல்லாமல் வெட்டினால், தொழிலாளர்களே ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள்: 'சூப்பர்வைசரின் ஊர்க்காரர்கள் மட்டும் தப்பித்துக்கொண்டார்கள்' என்று. அப்புறம் நீங்கள் எந்தக் கணக்கைக் காட்டினாலும் எடுபடாது. ஏன் அந்தப் பிரிவு மட்டும் என்பதற்கும் பதில் வைத்திருங்கள். அது இல்லாவிட்டால் கூட்டமே போடவேண்டாம்.

கேள்வி: எங்கள் டீமில் செல்லப்பிள்ளை நான்தான். மற்றவர்கள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

பதில்: உங்களுக்கு முதலில் வரும் தகவலை அன்றே எல்லாருக்கும் சொல்லுங்கள். பாராட்டு வரும்போது வேலையைச் செய்தவர் பெயரையும் சொல்லுங்கள்.

கேள்வி: எச்ஆரிடம் புகார் கொடுக்கலாமா?

பதில்: முதலில் மேலாளரிடமே கேளுங்கள், தான் பாரபட்சம் காட்டுவது பல மேலாளர்களுக்குத் தெரிவதே இல்லை. சரிவரவில்லை என்றால் எழுத்தில் கொடுங்கள். 'ஓரவஞ்சனை' என்று மொட்டையாக எழுதினால் யாரும் அசையமாட்டார்கள். எந்தத் தேதியில், என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, அதே கோரிக்கை வேறு யாருக்குக் கிடைத்தது என்று எழுதுங்கள். சாதி, மதம், ஆண் பெண் பேதம் காரணம் என்று தெரிந்தால் மேலாளரிடம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், நேரே புகார்தான்.