ஸ்டீம் எடுக்கும் 30 சதவீதத்துக்கு ஈடாக டெவலப்பருக்குக் கிடைப்பது என்ன?

கல்லூரி முடித்த கையோடு நண்பருடன் சேர்ந்து ஒரு சிறிய கணினி கேமைப் பாதிக்கு மேல் முடித்துவிட்டதாகவும், கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் விற்பதற்கு 100 டாலர் கட்டணமும் விற்பனையில் 30 சதவீதமும் போகும் என்று தெரிந்ததும் தயக்கம் வந்துவிட்டதாகவும் எழுதி, அந்தப் பணத்துக்குத் தளம் உண்மையில் என்னதான் செய்துகொடுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் என் தம்பியும் கோவையில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, மூன்றாண்டு உழைப்பில் ஒரு புதிர் கேமை முடித்து ஸ்டீமில் வெளியிட்டவர்கள். அதில் பெரிய பணம் பார்க்கவில்லை. ஆனாலும் தளம் எதைச் செய்கிறது, எதைச் செய்யாது என்பது எங்களுக்கு ஓரளவு புரிந்திருக்கிறது.

முதலில் அந்த 100 டாலர். ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2012 முதல் கிரீன்லைட் என்ற முறையை வைத்திருந்தது. எந்த கேமைக் கடைக்குள் விடலாம் என்று பயனர்களே வாக்களித்துத் தீர்மானிப்பார்கள். 2017 ஜூனில் அதை எடுத்துவிட்டு, ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டினால் யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்ற ஸ்டீம் டைரக்ட் முறையைக் கொண்டுவந்தார்கள். கேம் 1,000 டாலர் வருவாயைத் தொட்டால் கட்டிய தொகை திரும்பக் கிடைத்துவிடும். பணம் கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழியாமல் வெளியிட முடியாது என்பதும், 'விரைவில் வருகிறது' என்ற அறிவிப்புடன் ஸ்டோர் பக்கம் குறைந்தது இரண்டு வாரம் திறந்திருக்க வேண்டும் என்பதும் விதிகள். தீபாவளிக்கு முந்தைய நாள் கட்டிவிட்டு தீபாவளியன்று வெளியிடலாம் என்று கணக்குப் போட்டு ஏமாந்தவர்களில் என் தம்பியும் ஒருவன்.

வெளியீட்டுக்கு முன் ஸ்டோர் பக்கத்தையும் கேமின் பில்டையும் (அதாவது நாம் ஏற்றும் இயங்கும் பதிப்பையும்) அவர்களுடைய பணியாளர்கள் பார்த்து ஒப்புதல் தருகிறார்கள். கேம் நன்றாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் சொன்னபடி அது இயங்குகிறதா என்று மட்டுமே பார்க்கிறார்கள். கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலர் மட்டும் இருந்தாலே முழுவதும் விளையாடலாம் என்று நாங்கள் குறித்திருந்தோம். ஆட்டக்காரர் தன் பெயரை எழுதும் திரையில் மட்டும் கீபோர்டைத் தொடாமல் தாண்ட முடியாது என்று சுட்டிக்காட்டி எங்கள் பில்டைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தத் திரையை நாங்கள் நூறு முறையாவது கடந்திருப்போம், ஆனால் கை எப்போதும் கீபோர்டின் மேலேயே இருந்ததால் எங்கள் கண்ணில் அது படவே இல்லை.

என்னைக் கேட்டால், அந்த 30 சதவீதத்தில் பெரும்பங்கு நியாயமாவது யாரும் பேசாத ஓர் இடத்தில்தான்: பணம் வசூலிப்பதிலும் வரி கட்டுவதிலும். எங்கள் கேமை முதல் வாரத்தில் வாங்கியவர்கள் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருந்தார்கள். ஒவ்வொரு நாட்டு நாணயத்திலும் விலை காட்டுவது, அந்தந்த நாட்டில் புழங்கும் முறையில் பணம் வாங்குவது, விற்பனை வரியைப் பிடித்து அந்தந்த அரசுக்குச் செலுத்துவது, திருட்டு அட்டையில் வாங்கியவரின் பரிவர்த்தனையைத் திருப்புவது என எல்லாமே தளத்தின் தலையில் விழுகிறது. ஜெர்மனியின் வாட் எனப்படும் விற்பனை வரிக் கணக்கை நானே பார்க்க வேண்டும் என்றிருந்தால் நான் இந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டேன்.

நம் பக்கத்து வேலை, தொடக்கத்தில் ஒரு முறை நிரப்ப வேண்டிய வரிப் படிவம் மட்டும்தான். தனிநபராக இருந்தால் டபிள்யூ-8 பென் என்ற அமெரிக்கப் படிவத்தின் விவரங்களைக் கேட்பார்கள். அதில் உங்கள் பான் எண்ணைக் கொடுத்து, இந்திய-அமெரிக்க இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின்படி சலுகை கோர வேண்டும். கோரினால் அமெரிக்காவில் நடந்த விற்பனையிலிருந்து வரும் உங்கள் பங்கில் 15 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள். கோராமல் விட்டால் 30 சதவீதம். சோம்பல்பட்டு இந்த ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். ஒரு மாத விற்பனைக்கான பணம் அடுத்த மாத இறுதியில் வரும், ஆனால் சேர்ந்த தொகை 100 டாலரைத் தாண்டியிருக்க வேண்டும். முதல் தொகை வந்தபோது எங்கள் வங்கிக் கிளையிலிருந்து அழைத்து, "என்ன சார் ஏற்றுமதி செய்கிறீர்கள்? சரக்கு எந்தத் துறைமுகத்திலிருந்து போகிறது?" என்று கேட்டார்கள். வெளிநாட்டுப் பணம் எதற்காக வருகிறது என்று வங்கிக்குச் சொல்லும் பர்ப்பஸ் கோட் எது என்று முடிவாவதற்கு நான்கு நாள் ஆனது. அதற்குத் தளம் உதவாது. ஒரு நல்ல ஆடிட்டரை முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது விஷ்லிஸ்ட். இதை 'பிடித்தவை' பட்டியல் என்று மட்டும் நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஒருவர் உங்கள் கேமைத் தன் விஷ்லிஸ்ட்டில் சேர்த்தால், அது வெளியாகும் நாளில் ஸ்டீம் அவருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறது. பிற்பாடு நீங்கள் 20 சதவீதமோ அதற்கு மேலோ தள்ளுபடி கொடுக்கும் ஒவ்வொரு முறையும் மறுபடி அனுப்புகிறது. வேண்டாம் என்று அணைத்து வைத்தவர்களுக்குத்தான் போகாது. அந்த முகவரிகள் நம் கைக்கு வருவதில்லை, ஆனால் அவர்களை எட்டும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கிறது. நாங்கள் முதல் தள்ளுபடியை 15 சதவீதத்தில் போட்டோம். 'கஞ்சத்தனம் வேண்டாமே' என்று தம்பி சொன்னதை நான் கேட்கவில்லை. மின்னஞ்சல் போகவில்லை, விற்பனை வரைபடமும் அசையவில்லை. ஒரு தள்ளுபடிக்கும் அடுத்ததற்கும் சுமார் ஒரு மாத இடைவெளி வேண்டும் என்பதால் அந்த ஐந்து சதவீதக் கருமித்தனத்துக்கு ஒரு மாதம் காத்திருந்தோம். அடுத்த முறை 25 சதவீதம் போட்ட அன்று மாலைக்குள் வந்த விற்பனை, அதற்கு முந்தைய இரண்டு மாத விற்பனையைவிட அதிகம்.

வெளியீட்டுக்கு முன்பே விஷ்லிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும் என்று எல்லாரும் அடித்துச் சொல்வது இதனால்தான். அதற்குத் தளம் தரும் பெரிய வாய்ப்பு நெக்ஸ்ட் ஃபெஸ்ட். பிப்ரவரி, ஜூன், அக்டோபர் என ஆண்டுக்கு மூன்று முறை, ஒவ்வொன்றும் ஒரு வாரம் நடக்கும் டெமோ திருவிழா இது; டெமோ என்றால் இலவசமாக ஆடிப் பார்க்கத் தரும் மாதிரிப் பகுதி. இன்னும் வெளியாகாத கேம்கள்தான் இதில் சேரலாம், ஒரு கேம் ஒரே ஒரு முறைதான் சேரலாம், கட்டணம் கிடையாது. இந்த 'ஒரே ஒரு முறை' என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். டெமோ அரைகுறையாக இருக்கும்போது ஆசைப்பட்டுச் சேர்ந்துவிட்டால் அந்த வாய்ப்பு போனது போனதுதான். ஏற்கெனவே கொஞ்சம் விஷ்லிஸ்ட் சேர்த்துக்கொண்டு வரும் கேம்களைத்தான் திருவிழாவும் முன்னே தள்ளுகிறது என்பது என் அனுபவம். வெறுங்கையோடு போனால் கூட்டத்தில் ஒரு மூலையில் நின்றுவிட்டு வர வேண்டியதுதான்.

தளம் தரும் புள்ளிவிவரங்களைப் பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எங்கள் ஸ்டோர் பக்கம் திறந்து பல மாதம் விஷ்லிஸ்ட் எண்ணிக்கை மூன்று இலக்கத்தைத் தொடவில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் வரைபடத்தில் ஊசிபோல ஒரு முனை எழுந்து நிற்கிறது. நாடுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது முக்கால்வாசியும் பிரேசில். அங்கே யாரோ ஒருவர் எங்கள் டெமோவை நேரலையில் விளையாடியிருக்கிறார். அந்த வாரமே தெரிந்த ஒருவரைப் பிடித்து ஸ்டோர் பக்கத்தின் விவரணையையும், பிறகு கேமிலுள்ள சில நூறு வரிகளையும் பிரேசில் போர்ச்சுகீசில் மொழிபெயர்க்கச் செய்தோம். இன்றும் எங்களுக்கு இரண்டாவது பெரிய சந்தை அதுதான். அந்த விவரம் கண்ணில் படாமல் போயிருந்தால் நாங்கள் இந்தி மொழிபெயர்ப்புக்குச் செலவழித்துக்கொண்டிருப்போம்.

இவை தவிர சாதனைப் பதக்கங்கள், கிளவுட் சேமிப்பு, தரவரிசைப் பட்டியல், பலர் சேர்ந்து ஆடுவதற்கான இணைப்பு வசதி, வெளியீட்டுக்கு முன் சிலரை மட்டும் ஆடவைக்கும் பிளேடெஸ்ட் என்று ஒரு பெரிய கருவிப்பெட்டி இலவசமாகவே கிடைக்கிறது. ஸ்டீமில் உள்ளிட்டால் கேம் கிடைத்துவிடும் ஸ்டீம் கீ எனப்படும் குறியீடுகளையும் உருவாக்கித் தருகிறார்கள். அவற்றை உங்கள் சொந்த இணையதளத்தில் விற்றால் ஸ்டீமுக்குக் கமிஷன் கிடையாது, ஸ்டீமில் வாங்குபவரைவிட அங்கே வாங்குபவருக்கு மலிவாகக் கொடுத்துவிடக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. கேம் வெளியான அன்றிலிருந்து 'நான் விமர்சகன், நான்கு கீ அனுப்புங்கள்' என்று கேட்டு உங்களுக்கு மின்னஞ்சல் மழை பொழியும். அவற்றில் பெரும்பாலானவை கீயை வாங்கி விற்பவர்களுடையவை. நாங்கள் முதல் வாரத்தில் பெருமையோடு அள்ளி அனுப்பிவிட்டுப் பிறகு தெரிந்துகொண்டோம்.

தளம் செய்யாதது எது என்றால், உங்கள் கேமை முதல் ஆயிரம் பேரிடம் அது கொண்டுபோய்ச் சேர்க்காது. 2024-இல் மட்டும் ஸ்டீமில் 18,000-க்கும் மேற்பட்ட கேம்கள் வெளியாயின. நாளொன்றுக்கு ஐம்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வெளியிலிருந்து கூட்டிவரும் ஆர்வத்தைப் பார்த்து, அது இருக்கிறது என்று தெரிந்தால், தளம் அதைப் பெருக்கிக் கொடுக்கும். பத்து மதிப்புரை வரும்வரை உங்கள் கேமின் பெயருக்குக் கீழே தொகுப்பு மதிப்பீடுகூடத் தோன்றாது. வாங்கியவர் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காரணம் கேட்காமல் ரீஃபண்ட் கொடுத்துவிடுவார்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடியும் கேம் செய்பவர்களுக்கு இது வயிற்றில் அடிக்கும் விதிதான், ஆனால் அதே விதி இருப்பதால்தான் பெயர் தெரியாத எங்கள் கேமைத் துணிந்து வாங்கிப் பார்த்தவர்களும் இருந்தார்கள்.

30 சதவீதம் அதிகமா என்றால், அதிகம்தான். அதிலும் 10 மில்லியன் டாலருக்கு மேல் விற்பவர்களுக்கு 25 என்றும் 50 மில்லியனுக்கு மேல் 20 என்றும் 2018-இல் குறைத்தார்கள். சலுகை தேவைப்படாதவனுக்குச் சலுகை. அதே ஆண்டு டிசம்பரில் போட்டிக் கடையான எபிக் கேம்ஸ் ஸ்டோர் 12 சதவீதக் கமிஷனுடன் வந்தது. 2025 ஜூனிலிருந்து ஒவ்வொரு கேமுக்கும் ஆண்டுக்கு முதல் ஒரு மில்லியன் டாலர் வரை எபிக் எதுவுமே எடுப்பதில்லை. காகிதத்தில் பார்த்தால் நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிட நல்லது கிடையாது. ஆனால் எங்களைப் போன்ற சிறிய கேம்களை வாங்கும் பழக்கமுள்ளவர்கள் ஸ்டீமில்தான் குவிந்திருக்கிறார்கள். ஆளில்லாத தெருவில் வாடகையில்லாத கடை கிடைத்தது போலத்தான் எங்களுக்கு அது இருந்தது. இட்ச் தளம் வேறு வகை: கட்டணம் இல்லை, பங்கு எவ்வளவு என்பதையும் நீங்களே தீர்மானிக்கலாம், இயல்பாக 10 சதவீதம் என்று இருப்பதைச் சுழியமாகக்கூட ஆக்கலாம். கேமை நான்கு பேர் ஆடிப் பார்த்துக் குறை சொல்ல அதைவிட நல்ல இடமில்லை, விற்பனை என்றால் கைச்செலவுக்கு வரும்.

எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் போன்ற கேம் கருவிகளான கன்சோல்களை விற்கும் நிறுவனங்களின் ஆதரவு வேறு மாதிரியானது. அங்கே கதவு எல்லாருக்கும் திறந்திருக்காது, உள்ளே விட்டவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப்போவார்கள். மைக்ரோசாஃப்ட் 2013-இல் தொடங்கிய ஐடி அட் எக்ஸ்பாக்ஸ் திட்டத்தில் சிறு குழுக்களுக்கு கேமைக் கன்சோலில் உருவாக்கிச் சோதிக்க உதவும் டெவ்கிட் கருவிகளை இலவசமாகவே கொடுத்தார்கள். சந்தா கட்டியவர்கள் பல கேம்களை ஆடக்கூடிய அவர்களுடைய கேம் பாஸ் திட்டத்தில் நம் கேமைச் சேர்த்துக்கொண்டால் எத்தனை பேர் வாங்குவார்கள் என்ற கவலையில்லாமல், பேசி முடித்த தொகை கைக்கு வருகிறது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் கதைக்களமாகக் கொண்ட வெண்பா என்ற கேம், 2023 ஜூலையில் வெளியான முதல் நாளே கேம் பாஸிலும் இருந்தது. இட்லி அவிக்கும் கேமை அமெரிக்காவில் ஒருவர் காசு கொடுத்து வாங்கத் தயங்கலாம், சந்தாவில் இருந்தால் திறந்து பார்த்துவிடுவார். சோனி 2023-இல் அறிவித்த இந்தியா ஹீரோ ப்ராஜெக்ட் இந்தியக் குழுக்களைத் தேர்ந்தெடுத்து நிதியும் வழிகாட்டலும் தருகிறது. இவற்றுக்கெல்லாம் விண்ணப்பிக்கலாம், நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

உங்கள் நிலையில் நான் இருந்தால், டெமோவை முதலில் இட்சில் இலவசமாகப் போட்டு, அறிமுகமில்லாத இருபது பேராவது முழுவதும் ஆடி முடிக்கிறார்களா என்று பார்ப்பேன். முடித்தால் அன்றே 100 டாலரைக் கட்டிவிடுவேன். கேம் முழுதாக முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; ஐந்து நல்ல ஸ்கிரீன்ஷாட்களும், ஆட்டம் முதல் ஐந்து விநாடிக்குள் தெரிகிற ஒரு ட்ரெய்லரும், காசு கொடுத்து ஓவியரிடம் வரைந்து வாங்கிய ஒரு முகப்புப் படமும் இருந்தால் ஸ்டோர் பக்கத்தைத் திறந்துவிடலாம். முகப்புப் படத்தில் கேமின் பெயர் மட்டும் இருக்கட்டும். விருது, பாராட்டு வாசகம் எதுவும் எழுதக் கூடாது என்று 2022 முதல் விதி வைத்திருக்கிறார்கள். வரிப் படிவத்தில் பெயரை வங்கிக் கணக்கில் உள்ளபடியே எழுதுங்கள். என் இனிஷியலை ஒன்றில் முன்னாலும் மற்றொன்றில் விரித்துப் பின்னாலும் எழுதியதால் எங்கள் கணக்கு சரிபார்ப்பு இரண்டு வாரம் தள்ளிப்போனது.