மாமாவுக்குக் காதா, மனசா?

கேள்வி: என் மாமனாருக்கு 71 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் விசைப்படகு டிரைவராக இருந்தவர். இப்போது வலை பின்னும் இடத்துக்குக்கூடப் போவதில்லை. நாங்கள் அடுக்களையில் பேசினால், "என்னைப் பத்தித்தானே முணுமுணுக்கிறீங்க" என்று சண்டை. காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம், "ஒரே இரைச்சல்" என்று கழற்றி வைத்துவிட்டார். இது மனக்கோளாறா?
- ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: மனசும் வாடியிருக்கிறதும்மா, ஆனால் காதிலிருந்து ஆரம்பியுங்கள்.

85 டெசிபல் சத்தத்தைத் தினமும் எட்டு மணி நேரம் வருஷக்கணக்கில் கேட்டாலே காது பழுதாகலாம். அவரோ கடலுக்குப் போனால் மறுநாள் காலை வரை எஞ்சின் பக்கத்திலேயே இருந்தவர். உள்காதில் இருக்கும் மெல்லிய முடி செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. முதலில் போவது கீச்சு ஒலிகள்தான். அதனால் பெண்கள், பேரப்பிள்ளைகள் குரல்தான் முதலில் பிடிபடாமல் போகும். ச, த, க, ப எல்லாம் மெலிந்துவிடும், உயிரொலி மட்டும் கனமாக விழும். ஆக, நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கிறது, என்ன பேசினீர்கள் என்பதுதான் புரியவில்லை. முணுமுணுக்கிறீர்கள் என்று அவர் சொல்வது பொய்யில்லை, அவர் காதில் அப்படித்தான் விழுகிறது.

நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுகிற இடத்தில் தப்பாகப் பதில் சொல்லி, மற்றவர்கள் சிரித்துவிட்டால், அப்புறம் அங்கே போக யாருக்கு மனசு வரும்? ஒவ்வொரு வார்த்தையையும் ஊகித்துக்கொண்டே இருப்பது அவ்வளவு அலுப்பு. இந்த ஒதுக்கம்தான் மனச்சோர்வில் கொண்டுபோய் விடும். மறதிநோய்க்கு நாம் தவிர்க்கக்கூடிய காரணங்கள் என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் சொன்ன 14-இல் செவித்திறன் குறைவும் ஒன்று. வீட்டில் "என்ன?" என்று அவர் கேட்கும்போது "ஒண்ணுமில்ல மாமா, விடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைவிட வலிக்கிற பதில் கிடையாது. டிவியை அணைத்துவிட்டு, முகம் தெரிய எதிரே உட்கார்ந்து, நிதானமாகச் சொல்லுங்கள். கத்தினால் இன்னும் குழம்பும்.

சரி, மெஷின். பரிசோதனை செய்யாமல் கடையில் வாங்கியதாக இருந்தால் அதை நம்பாதீர்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை பிரிவில் காட்டுங்கள். சில நேரம் காதில் வெறும் அழுக்கு அடைத்திருக்கும். அவர் காதுக்கு ஏற்ப அளவு வைத்த மெஷினே பழக வாரக்கணக்கில் ஆகும், ஏனென்றால் மறந்துபோன ஃபேன் சத்தம், பாத்திரச் சத்தம் எல்லாவற்றையும் மூளை மறுபடி பழக வேண்டும். வீட்டுக்குள் தினம் ஒரு மணி நேரம் என்று தொடங்குங்கள், காற்றடிக்கிற கடற்கரை அப்புறம். நம் பக்கத்து உப்புக்காற்றும் வியர்வையும் மெஷினைச் சீக்கிரம் கெடுக்கும். ராத்திரி துடைத்து, பேட்டரி மூடியைத் திறந்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

திடீரென ஒரு காது அடைத்துப்போனால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள், தாமதித்தால் கேட்கும் திறன் திரும்பாமலே போகலாம். சாப்பாடு, தூக்கம் குறைந்து, "நான் இருந்து என்ன" என்று பேச ஆரம்பித்தால் மெஷின் பழகட்டும் என்று காத்திருக்காதீர்கள். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழைத்தால் எந்த நேரமும் பேசுவார்கள், கட்டணமில்லை. அவருக்குப் போனில் பேசக் கஷ்டமாக இருக்கும், நீங்களே பேசுங்கள்.