சங்கிலி அம்மா கழுத்திலேயே இருக்கட்டும்

கேள்வி: எனக்குப் பாம்பன். இந்த மே மாதம் பி.எஸ்சி. விலங்கியல் முடித்தேன். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறார், அம்மா பாசி எடுக்கிறார். கல்விக் கடன் 90 ஆயிரம் இருக்கிறது. மாமாவுக்குத் தெரிந்த ஏஜென்ட், ஒரு லட்சம் கொடுத்தால் விசிட் விசாவில் துபாய் அனுப்புவதாகவும் அங்கே போய் வேலை தேடிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். 20-ஆம் தேதிக்குள் பணம் வேண்டுமாம். அம்மா தன் சங்கிலியை அடகு வைக்கத் தயார். நண்பர்களோ மதுரையில் ரூம் எடுத்து டிஎன்பிஎஸ்சி படிக்கக் கூப்பிடுகிறார்கள். எந்தப் பக்கம் போவது?

பதில்: தம்பி, முதலில் துபாய் விஷயம். வேண்டாம். விசிட் விசாவில் போய் வேலை பார்ப்பது அங்கே சட்டப்படி குற்றம். பிடிபட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான், ஏஜென்ட் இல்லை. நம் அரசிடம் பதிவு செய்த ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். இவர் லட்சம் கேட்கிறார். பதிவு எண் என்ன என்று மாமாவையே கேட்கச் சொல்லுங்கள், எமிகிரேட் என்கிற மத்திய அரசின் இணையதளத்தில் அது இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். வெளிநாடு போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை, வேலை விசா கையில் வந்த பிறகு போங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கேயும் பதிந்து வையுங்கள்.

அப்புறம், ஒரு நோட்டில் உங்கள் வீட்டு வருஷத்தை மாதம் மாதமாக எழுதிப் பாருங்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் அப்பாவுக்குக் கடல் கிடையாது. கல்விக் கடனுக்குப் பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருஷம் தவணை கேட்கமாட்டார்கள், ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். அப்படிப் பார்த்தால் உங்கள் முதல் தவணை வருவதும் படகு கரையில் கட்டிக் கிடக்கிற அதே நாட்களில்தான். அதனால் வரும் ஏப்ரலுக்குள் உங்கள் கையிலிருந்து ஒரு சம்பளம் வீட்டுக்கு வந்தாக வேண்டும், சின்னதாக இருந்தாலும் சரி.

பாலம் தாண்டினால் மண்டபம். அங்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் இருக்கிறது. திட்டப் பணிகளுக்குத் தற்காலிகமாக ஆள் எடுக்கும்போது அவர்களுடைய இணையதளத்தில் அறிவிப்பு போடுவார்கள், விலங்கியல் படித்தவர் நீங்கள், வாரம் ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள். அது வரும்வரை சும்மா காத்திருக்க வேண்டாம். மீன் ஏற்றுமதி கம்பெனியோ இறால் பண்ணையோ, கணக்கு எழுதுகிற வேலையானாலும் சேர்ந்துவிடுங்கள்.

டிஎன்பிஎஸ்சியை விடச் சொல்லவில்லை, மதுரை ரூமைத்தான் விடச் சொல்கிறேன். குரூப் 4-க்கு ஒரே எழுத்துத் தேர்வு, 200 கேள்வி, அதில் பாதி தமிழ். தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிப் பாடப் புத்தகங்களை எடுத்து, வேலைக்குப் போய்க்கொண்டே தினமும் இரண்டு மணி நேரம் படியுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வ பயிலும் வட்டம் இருக்கிறது, இலவச வகுப்பு, ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினால் போதும். இரண்டு தேர்வு எழுதிப் பாருங்கள், மதிப்பெண் ஏறவே இல்லையென்றால் மூன்றாவது வருஷத்தை அதற்குக் கொடுக்காதீர்கள்.

உங்கள் அம்மா விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் முங்கி, பாறையைத் தடவிப் பாசி பறிப்பவர். அப்படியும் அந்த விரல் கிழியும், உப்புத் தண்ணீரில் எரியும், மறுநாளும் போவார். அந்தக் காசில் சேர்ந்த சங்கிலி தம்பி அது. 20-ஆம் தேதி வரைகூடக் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே மாமாவிடம் போய் முடியாது என்று சொல்லிவிடுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.