உப்புக்காற்று, ஒத்தி, துபாய்த் தம்பி: வீடு வாங்க, விற்க வாசகர் கேள்விகள்

கீழக்கரை வாசகர்: வாப்பா காலமாகி மூன்று வருடம் ஆகிறது. உம்மா, நான், துபாயில் வேலை பார்க்கும் தம்பி, கல்யாணமான தங்கச்சி இருக்கிறோம். பட்டா வாப்பா பெயரில் உள்ளது. வீட்டை விற்கப் போகிறோம். தம்பி ஒரு பவர் அனுப்பினால் போதும், தங்கச்சிக்குத்தான் நகை போட்டாச்சே என்கிறார் தரகர். சரியா?

பவர் சரி, நகை கணக்கு தப்பு. கல்யாணத்துக்குப் போட்ட நகையால் தங்கச்சியின் பங்கு அழியாது. வாப்பாவின் பெற்றோர் உயிரோடு இல்லை, வேறு வாரிசும் இல்லை என்றால், ஷரீஅத்படி உம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு. மீதியில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. வீடு 40 லட்சத்துக்குப் போனால் உம்மாவுக்கு 5, உங்களுக்கும் தம்பிக்கும் தலா 14, தங்கச்சிக்கு 7 லட்சம். நான்கு பேரும் கிரயத்தில் இருக்க வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் வாங்குபவரின் வக்கீல் பத்திரத்தைத் திருப்பிவிடுவார். திருப்பாத வக்கீல் கிடைத்தால், நாளைக்குக் கோர்ட்டில் நிற்கப்போவது வாங்கியவர்.

தம்பியின் பவரில் சர்வே எண்ணும் கதவு எண்ணும் இருக்கட்டும். விற்க, பணம் பெற, சார்பதிவாளர் முன் பத்திரத்தைத் தாக்கல் செய்ய என்று மூன்று அதிகாரங்களையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் விட்டுப்போவது கடைசியில் சொன்னதுதான். இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று பெற்ற அந்தத் தாள் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் பதிவுத் துறையில் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். தபால் உறையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி. கிரயத்தன்று தம்பி உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் கேட்பார்கள்.

அடுத்தது வரி. விற்பவர் உள்நாட்டுக்காரர் என்றால், விலை 50 லட்சத்தைத் தொட்டால்தான் வாங்குபவர் 1 சதவீதம் பிடிப்பார். வெளிநாடு வாழ்பவருக்கு அந்த வரம்பு கிடையாது. தம்பியின் பங்குக்கு, நீண்டகால லாபம் என்ற கணக்கில் 12.5 சதவீதமும் அதன்மேல் கூடுதல் வரிகளும் பிடித்தாக வேண்டும். லாபம் குறைவுதான் என்று காட்டி வருமான வரித் துறையிடம் குறைந்த பிடித்தத்துக்குச் சான்று வாங்கலாம். ஆனால் அட்வான்ஸ் வாங்கியதுமே விண்ணப்பித்துவிடுங்கள். சான்று இல்லாவிட்டால் வாங்குபவர் முழு 14 லட்சத்துக்கும் பிடித்துவிடுவார், தம்பி அதைத் திரும்பப் பெறக் கணக்குத் தாக்கல் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இதெல்லாம் வேண்டாம் என்றால், தம்பி விடுமுறைக்கு வரும்போது உங்கள் பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தரலாம். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சம் 10,000.

பாம்பன் வாசகர்: கடலிலிருந்து 150 மீட்டரில் தென்னந்தோப்பைத் துண்டு போட்டு விற்கிறார்கள். 6 சென்ட். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது. வீடு கட்டலாமா?

வில்லங்கச் சான்றில் பதிவான கொடுக்கல் வாங்கல்தான் தெரியும். அந்த இடத்தில் கட்டலாமா கூடாதா என்பது அதில் வராது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2011-இன்படி ஊரகக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது பேரலை நாளில் கடல் நீர் ஏறும் உச்ச எல்லையிலிருந்து, 200 மீட்டர் கட்டுமானத் தடைப் பகுதி. 2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் நெருக்கமான ஊரகப் பகுதிகளுக்கு மட்டும் அதை 50 மீட்டராகக் குறைத்தது. மற்ற இடங்களில் அதே 200தான். உங்கள் மனை நெருக்கம் குறைந்த பகுதியில் வந்தால் பொதுவாகப் புது வீட்டுக்கு வழியில்லை. ஏற்கெனவே முறையாகக் கட்டிய வீடு நின்றால், அதன் அடித்தளப் பரப்புக்குள் பழுதுபார்க்கலாம், திரும்பக் கட்டலாம், அதற்கும் அனுமதி வேண்டும்.

அந்த 150 மீட்டர் எங்கிருந்து அளந்தது? மணல் நனையும் இடத்திலிருந்து டேப் பிடித்திருந்தால் அது செல்லாது. உயர் அலைக் கோடு கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் இருக்கிறது, பெரும்பாலும் நீங்கள் நினைப்பதைவிட உள்ளே தள்ளி. சர்வே எண்ணை எழுதி மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். உப்பாறு, கழிமுகம் பக்கத்தில் இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள், அலை ஏறும் நீர்நிலைகளுக்கும் தடைத் தூரம் உண்டு.

தோப்பைத் துண்டு போட்டதில் இன்னொரு சிக்கல்: அங்கீகாரம் இல்லாத மனைப் பிரிவில், 20.10.2016-க்கு முன் ஒரு மனைகூட விற்கப்படவில்லை என்றால் வரன்முறைப்படுத்தும் திட்டத்துக்குள் அது வராது. அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

தொண்டி வாசகர்: 25 வருட மாடி வீடு விலைக்கு வருகிறது. புதுப் பெயின்ட் பளபளக்கிறது. எதைப் பார்ப்பது?

பெயின்ட் இல்லாத இடங்களைப் பாருங்கள். சன்ஷேடின் அடிப்பக்கம், மாடிப்படியின் அடி, மேல்நிலைத் தொட்டியின் கீழ்ப்பகுதி, குளியலறைக் கூரை, கடல் பக்கத் தூண்கள். சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, பொத்தென்று கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதிக் கான்கிரீட்டைத் தள்ளியிருக்கிறது. கம்பியின் நீளவாக்கிலேயே ஓடும் நேர்கோட்டு வெடிப்பும் அதே நோய்தான்.

காரணம் இரண்டு. கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடல் போதாது: கடற்கரைக் கட்டடத்துக்கு இந்தியத் தர விதி 45 மில்லிமீட்டர் கேட்கிறது, பழைய வீடுகளில் இதில் பாதி இருந்தாலே அதிசயம். இன்னொன்று, கலவையிலேயே கடல் மணலோ உப்புத் தண்ணீரோ சேர்ந்திருப்பது. முதல் வகைக்குப் பெயர்த்து, கம்பியைச் சுத்தம் செய்து ஒட்டலாம். இரண்டாவது வகையில் ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி துரு கிளம்பும். அப்படிப்பட்ட வீட்டுக்கு மனை விலைக்கு மேல் ஒரு ரூபாய் கொடுப்பதும் வீண்.

கிணற்று நீரை ஏப்ரல், மே மாதத்தில் சோதியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை வரைக்கும் எந்தக் கிணறும் இனிக்கும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை குடிக்க நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை விதி அனுமதிக்கிறது. போர் ஆழமானால் நல்ல தண்ணீர் வரும் என்பார்கள். இந்தக் கரையில் பல இடங்களில் மேல் மணலில்தான் நல்ல தண்ணீர், ஆழம் போனால் உப்பு.

தேவிபட்டினம் வாசகர்: வாங்கப்போகும் வீட்டில் 5 லட்சத்துக்கு ஒத்திக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. வில்லங்கத்தில் அது வரவில்லை.

வராது. முத்திரைத்தாளில் எழுதிக் கையில் வைத்திருப்பார்கள். ஒத்தி பதிவாகவில்லை என்பதால் அவர்கள் எழுந்து போய்விடப் போவதில்லை. விலையில் 5 லட்சத்தைக் கழித்து, விற்பவர் முன்னிலையில் ஒத்திக்காரரின் வங்கிக் கணக்குக்கு நீங்களே அனுப்புங்கள். ஒத்திச் சீட்டின் அசலை ரத்து எழுதி வாங்கி, வீடு காலியாகிச் சாவி வந்த பிறகு பதிவுக்குப் போங்கள். தாய்ப்பத்திரத்தின் அசலையும் கண்ணால் பாருங்கள். நகல் மட்டும் காட்டினால், எங்கோ வட்டிக்கு வைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஏர்வாடி வாசகர்: விலை 30 லட்சம், வழிகாட்டி மதிப்பு 18 லட்சம். 18-க்கே பதியலாம் என்கிறார்கள்.

மிச்சமாவது 12 லட்சத்துக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும், அதாவது 1,08,000 ரூபாய். பிறகு நீங்கள் விற்கும்போது உங்கள் வாங்கிய விலை 18தான். வேறு வீட்டில் போடாவிட்டால், மறைந்துபோன அந்த 12 லட்சமும் லாபமாகி 12.5 சதவீதத்தில் ஒன்றரை லட்சம் வரி போகும். அந்த 12 லட்சத்தை ரொக்கமாகக் கையில் வாங்கும் விற்பவருக்கு ஆபத்து இன்னும் பெரிது: நிலம், வீட்டு விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்கினால் அதே தொகை அபராதமாகலாம். விற்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

மண்டபம் வாசகர்: பத்திரம் முடிந்து ஒரு வருடம், பட்டா இன்னும் பழையவர் பெயரில்.

முழு உட்பிரிவையும் வாங்கியிருந்தால் பதிவோடு தானாக மாறியிருக்க வேண்டும். பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா பாருங்கள். ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்யாமல் மாறாது. உட்பிரிவுக் கட்டணம் கட்டி விண்ணப்பியுங்கள், அளக்கும் நாளில் நான்கு பக்கத்துக்காரர்களும் இருக்கட்டும்.